இத்தாலியன் மேல்படிப்பு: டெல்லியா, போலோன்யாவா, லண்டனா?

“இத்தாலிய மொழி, பண்பாடு, வரலாறு” என்று பல்கலைக்கழகக் கையேடுகள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. விண்ணப்பிக்கிறவரும் அப்படியே நினைத்துக்கொண்டால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இடைக்காலக் கவிஞர் தாந்தேயின் யாப்பை ஆராய்வது ஒரு வேலை. போருக்குப் பிந்தைய இத்தாலியத் திரைப்படங்களைப் பற்றி எழுதுவது இன்னொரு வேலை. 14ஆம் நூற்றாண்டு வணிகர் ஒருவர் அவசரமாகக் கிறுக்கிய கடிதத்தை மூல ஏட்டிலேயே வாசிப்பது மூன்றாவது வேலை. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மொழித்திறன் வேறு, பயிற்சி வேறு, பிடிக்கும் காலமும் வேறு. எந்த நாடு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் இதை முடிவு செய்த பிறகு கேட்க வேண்டியவை. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊரை முதலில் பிடித்துவிட்டு, அங்கே கிடைப்பதைப் படிக்கிறார்கள்.

இந்தியாவில் பி.ஏ. முடித்த ஒருவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இத்தாலியிலேயே இரண்டாண்டு முதுகலை, பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ., அமெரிக்காவில் உதவித்தொகையோடு ஐந்தாறு ஆண்டு பிஎச்.டி., டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு எம்.ஏ. இத்தாலியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன். கவர்ச்சியும் அங்கேதான் அதிகம், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் அங்கேதான் அதிகம்.

இத்தாலியில் பல்கலைக்கழகப் படிப்பு 3 ஆண்டு, அதன்மேல் 2 ஆண்டு என்று பிரிந்திருக்கிறது. அந்த இரண்டாம் கட்டத்துக்கு ‘லாவ்ரேயா மாஜிஸ்த்ராலே’ என்று பெயர், மொத்தம் 120 கிரெடிட். இலக்கியம், மொழி வரலாறு, பண்பாடு, அரசியல் வரலாறு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் ‘இத்தாலியவியல்’ துறையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அவர்களுக்கு அது சொந்த மொழி. நாம் தமிழ் இலக்கியத்தையும் தமிழக வரலாற்றையும் தனித்தனித் துறைகளில் படிப்பது போலத்தான் அவர்களும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்ட வகைக்கும் நாடு முழுவதும் செல்லும் ஒரு குறியீடு உண்டு. இலக்கியமும் மொழி வரலாறும் என்றால் எல்எம்-14, வரலாறு என்றால் எல்எம்-84, மொழியியல் என்றால் எல்எம்-39. பெயர் பெற்ற போலோன்யாவில் வாங்கினாலும் சிறிய ஊரான மாச்செராத்தாவில் வாங்கினாலும் ஒரே குறியீடுள்ள பட்டத்துக்குச் சட்டப்படி ஒரே மதிப்பு. தேடும்போது பட்டப்படிப்பின் அழகான பெயரை விட்டுவிட்டு இந்தக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத தடை. முதுகலையில் சேர பி.ஏ. மட்டும் போதாது, அந்த பி.ஏ.வில் குறிப்பிட்ட பாடங்களில் இத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் விதி வைத்திருக்கிறது. எல்எம்-14க்குப் பல இடங்களில் இத்தாலிய இலக்கியமும் அதோடு லத்தீனும் கேட்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ ஆங்கில இலக்கியம் படித்தவரிடம் இவை எங்கிருந்து இருக்கும்? சில பல்கலைக்கழகங்கள் ஒரு குழுவை வைத்து நேர்காணல் செய்து விலக்குக் கொடுக்கும். சில, ‘கோர்சி சிங்கொலி’ எனப்படும் தனிப் பாடங்களைப் பணம் கட்டி முடித்துவிட்டு வா என்று சொல்லும். வரலாற்றுத் துறைகள் இந்த விஷயத்தில் பொதுவாகக் கொஞ்சம் இளக்கம், வரலாற்று பி.ஏ. இருந்தால் கதவு பெரும்பாலும் திறக்கும். ஆகவே விசா, உதவித்தொகை, விடுதி என்று ஓடுவதற்கு முன்னால் பாடப் பட்டியலை இணைத்து அந்தத் துறைக்கே ஒரு மின்னஞ்சல் போடுவதுதான் முதல் வேலை.

சேர்ந்த பிறகு வரும் அதிர்ச்சி, தேர்வு. மூன்று மணி நேரம் எழுதியே வளர்ந்தவர்கள் நாம். அங்கே கலைப் பாடங்களில் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுதான். பேராசிரியருக்கு முன்னால் உட்கார வேண்டும்; மற்ற மாணவர்களும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கவிதையைத் திறந்து வைத்து, “வாசியுங்கள், விளக்குங்கள்” என்பார். மதிப்பெண் 30க்கு, 18 வந்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் மறுத்துவிட்டு அடுத்த தவணையில் திரும்ப வரலாம். நம் ஊரில் இதைக் கனவில்கூட நினைக்க முடியாது. ஆனால் அந்தத் தாராளத்தை நம்பித் தேர்வுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டு ஆக்கியவர்கள் இத்தாலியர்களிலேயே ஏராளம்.

மொழித்திறன் பி2 என்று கேட்பார்கள்; ஏ1இலிருந்து சி2 வரை போகும் ஐரோப்பிய அளவுகோலில் அது நான்காம் படி, சி1 அதற்கு அடுத்தது. சியெனாவின் சில்ஸ், பெரூஜாவின் செலி, தாந்தே அலிகியெரி சங்கத்தின் பிளிதா ஆகிய சான்றிதழ்களில் ஏதாவது ஒன்று போதும். சேர்வதற்கு அது போதும் என்பது வேறு, வகுப்பில் தாக்குப்பிடிக்கப் போதும் என்பது வேறு. உங்கள் பக்கத்தில் உட்காருகிற இத்தாலிய மாணவர், உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று ஆண்டுகளில் தாந்தேயின் பெருங்காவியத்தில் வரும் நரகம், கழுவாய்த் தலம், சொர்க்கம் என்ற மூன்று பாகங்களிலிருந்தும் பாடல்களை வரிவரியாகப் படித்துவிட்டு வந்தவர். பேராசிரியர் அதையெல்லாம் திரும்பச் சொல்லித்தர மாட்டார். அதனால் இலக்கியத்துக்குப் போகிறவர்கள் சி1 இல்லாமல் போக வேண்டாம் என்பது என் கருத்து. வரலாற்றுக்கு பி2வில் தொடங்கி மீதியை அங்கேயே பிடித்துவிடலாம்; வரலாற்று ஆசிரியர்களின் உரைநடையில் கவிதையின் முடிச்சுகள் இல்லை.

வரலாறு என்றால், தயக்கமே இல்லாமல் இத்தாலி என்று சொல்வேன். புத்தகங்களை எங்கிருந்தும் படிக்கலாம், ஆவணங்களை அங்கே போய்த்தான் வாசிக்க வேண்டும். பிராத்தோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410இல் இறந்தபோது விட்டுப்போன கடிதங்கள் மட்டும் சுமார் 1,50,000. 1870இல்தான் அவை அவருடைய வீட்டிலேயே கண்டெடுக்கப்பட்டன. கம்பளி என்ன விலை, கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது, மனைவியோடு என்ன மனத்தாங்கல் என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. வெனிஸின் அரசு ஆவணக் காப்பகம் பிராரி தேவாலயத்தை ஒட்டிய பழைய துறவியர் மடத்தில் இயங்குகிறது. ஏட்டு அடுக்குகளை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும். பிளாரன்ஸில் 1427ஆம் ஆண்டு வரிக் கணக்கெடுப்பு இருக்கிறது. வீட்டில் எத்தனை வாய், எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன் என்று குடும்பத் தலைவர்கள் தாங்களே கொடுத்த விவரங்கள்.

இவற்றை வாசிக்க மொழி தெரிந்தால் மட்டும் போதாது, எழுத்து தெரிய வேண்டும். வணிகர்கள் பயன்படுத்திய ‘மெர்காந்தெஸ்கா’ என்ற வேக எழுத்தை முதலில் பார்க்கிறவர் அது இத்தாலியன் என்பதையே நம்ப மாட்டார். இந்தப் பயிற்சிக்கென்றே இத்தாலியின் 17 அரசு ஆவணக் காப்பகங்களில் பழைய எழுத்தியலும் ஆவணவியலும் கற்பிக்கும் இரண்டாண்டுப் பள்ளிகள் இருக்கின்றன. செலவு மிகக் குறைவு. நுழைவுத் தேர்வில் பெரும்பாலும் லத்தீன் வரும். வாட்டிகனிலும் 1884இல் பதின்மூன்றாம் லியோ தொடங்கிய பள்ளி ஒன்று உண்டு. முதுகலையோடு இப்படி ஒன்றையும் சேர்த்து முடித்தவர், பிறகு பிஎச்.டி.க்கு எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் தனியாகத் தெரிவார். லண்டனிலோ நியூயார்க்கிலோ எழுத்தியலை ஒரு பருவப் பாடமாகவோ கோடை முகாமாகவோதான் பெரும்பாலும் தருவார்கள்.

பாடத்திட்டம் பார்க்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: அங்கே ‘நவீன வரலாறு’ என்ற துறை 1492ஐ ஒட்டித் தொடங்கி நெப்போலியனோடு முடிந்துவிடும். முசோலினியைப் படிக்க வேண்டுமென்றால் ‘சமகால வரலாறு’ப் பேராசிரியரைத் தேட வேண்டும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் காப்பகங்களுக்குள் நுழைந்தால் போட்டி மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீரமாமுனிவர் 1680இல் பிறந்தது வட இத்தாலியில் லொம்பார்தி மண்டலத்தின் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி ரோமில் பிறந்தவர். மதுரை மிஷனிலிருந்து போன கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் ரோமில், வாட்டிகனுக்கு மிக அருகே உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெனிஸில் பிறந்து, முகலாய அரசவையில் இருந்துவிட்டு, பிற்காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்த நிக்கொலோ மனூச்சியின் கையெழுத்துப் பிரதிகள் வெனிஸின் மார்ச்சானா நூலகத்தில் உள்ளன. இத்தாலியன், போர்த்துகீசியம், பிரெஞ்சு மூன்றும் கலந்து எழுதியிருக்கிறார். இத்தாலியனும் லத்தீனும் தெரிந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிறைய. அதோடு தமிழும் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழங்காலம் பிடிக்காதவர்களுக்கு சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர். மோன்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் ஆலயத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு இந்துத் தமிழரும் ஏறிப் போகிறார்கள். இன்றைய இத்தாலியப் பண்பாட்டைப் பற்றிய ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தோன்றவில்லை.

பணத்துக்கு வருவோம். இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அதிகபட்சமே ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோதான். அதற்கு மேல் மண்டல அரசுகளின் உதவித்தொகை ஒன்று உண்டு. எமிலியா-ரொமாஞ்ஞாவில் எர்கோ, பியெமொந்தேயில் எதீசு என்று மண்டலத்துக்கு ஒரு நிறுவனம் அதை நடத்துகிறது. மதிப்பெண்ணைவிடக் குடும்ப வருமானத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், வெளிநாட்டு மாணவருக்கும் உரிமை உண்டு. கிடைத்தால் கட்டண விலக்கு, உணவகச் சலுகை, விடுதியில் இடத்துக்கான வாய்ப்பு, அதோடு ஆண்டுக்கு ஆறேழாயிரம் யூரோ வரை தொகை. நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். வரத்துக்குள் கண்ணிகளும் இருக்கின்றன. வருமானச் சான்றையும் சொத்துச் சான்றையும் மொழிபெயர்த்து, சட்டப்படி உறுதி செய்து அனுப்ப வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்கத் தயாராக இருங்கள். தகுதிப் பட்டியலில் பெயர் இருந்தும் நிதி தீர்ந்ததால் பணம் வராத ஆண்டுகள் சில மண்டலங்களில் நடந்திருக்கின்றன. வந்தாலும் முதல் தவணை பனிக்காலத்தில்தான் வரும். செப்டம்பரில் இறங்கியவுடன் தேவைப்படும் முன்பணமும் வாடகையும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். முதலாண்டின் ஆகஸ்ட் 10க்குள் குறித்த கிரெடிட்டை எட்டவில்லையென்றால் இரண்டாம் ஆண்டுத் தொகை சிக்கலாகிவிடும். தேர்வைத் தள்ளிப்போடும் இத்தாலியப் பழக்கம் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஊர் விஷயத்தில், போலோன்யாவின் பெயருக்கு மயங்க வேண்டாம். 1088 என்ற ஆண்டைத் தன் பிறப்பாகச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம், நாவலாசிரியர் உம்பெர்த்தோ எக்கோ கற்பித்த இடம், எல்லாம் உண்மை. ஆனால் அங்கே ஒரு தனி அறைக்கு 500 யூரோவுக்கு மேல் ஆகும், அதுவும் கிடைத்தால்தான். 2023இல் மிலானில் வாடகையை எதிர்த்து மாணவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்ததும் அது மற்ற ஊர்களுக்குப் பரவியதும் சும்மா இல்லை. பெரூஜா, மாச்செராத்தா, பலெர்மோ போன்ற ஊர்களில் வாடகை பெரிதும் குறையும். பட்டத்தின் சட்ட மதிப்பு ஒன்றே என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மொழி கற்பிக்கும் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வாசல் இருக்கிறது. பெரூஜாவிலும் சியெனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே அமைந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள். பெயர் பெற்ற மொழி வகுப்புகளோடு முதுகலையும் உண்டு. இத்தாலியனைப் பிறமொழியாகக் கற்பிக்கும் பயிற்சியில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சுற்றிலும் வெளிநாட்டவர் என்பதால் நட்பு ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும் ஆபத்தும் அங்கே உண்டு.

பிரிட்டனின் பலம் வேறு. ஓராண்டில் முடியும், ஆங்கிலத்தில் எழுதலாம், தேர்வுக்குப் பதில் கட்டுரைகள். திரைப்படம், இடப்பெயர்வு, பெண்ணியம், எத்தியோப்பியாவிலும் லிபியாவிலும் இத்தாலி நடத்திய காலனி ஆட்சி என்று துறை எல்லைகளைத் தாண்டிய கேள்விகளுக்கு அங்கே நல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இத்தாலியில் இதே கேள்வியோடு போனால், “இது எந்தத் துறையில் வரும்?” என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும். லீட்ஸில் தாந்தே ஆய்வுக்கென்றே ஒரு மையம் உண்டு. வாரிக் பல்கலைக்கழகம் வெனிஸிலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. என் மனத்துக்குப் பிடித்த இடம் லண்டனின் வார்பர்க் நிறுவனம். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேறி வந்த நூலகம் அது. புத்தகங்களை உருவம், சொல், திசையறிவு, செயல் என்று நான்காகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நூலைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றால் ஆய்வே திசை மாறிப்போவது அங்கே வாடிக்கை. மறுமலர்ச்சிக் காலத்துக் கலை, சோதிடம், தத்துவம் இவற்றில் ஆர்வமுள்ளவருக்கு அதற்கு இணை இத்தாலியில்கூட எளிதில் கிடைக்காது.

ஆனால் விலை? வெளிநாட்டு மாணவருக்கு 20,000 முதல் 35,000 பவுண்டு வரை கட்டணம், அதற்கு மேல் லண்டன் வாடகை. ரோட்ஸ், பெலிக்ஸ், இன்லாக்ஸ் போன்ற உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இந்தத் துறையில் இல்லை. ஓராண்டு என்பதும் உண்மையில் ஒன்பது மாதப் பாடமும் ஒரு கோடைக்கால ஆய்வேடும்தான். ஆவணக் காப்பகத்தில் உட்கார நேரம் இருக்காது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மொழித் துறைகளை இணைத்தும் மூடியும் வருவதையும் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஆர்தர் செரேனா என்பவரின் நன்கொடையில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், பர்மிங்காம் நான்கிலும் இத்தாலியனுக்குப் பேராசிரியர் இருக்கைகள் தோன்றின. அந்தச் செழிப்பு இப்போது இல்லை. விண்ணப்பிக்கும் முன் நீங்கள் விரும்பும் வழிகாட்டி அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தியா திரும்பிக் கல்லூரியில் வேலை பார்க்க நினைத்தால் ஓராண்டுப் பட்டத்துக்கான அங்கீகாரத்தையும் விசாரிக்க வேண்டும். 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது.

அமெரிக்காவை எம்.ஏ.வுக்காக நினைக்க வேண்டாம், பிஎச்.டி.க்காக நினைக்கலாம். மொத்சார்ட்டுக்கு ஓபரா எழுதிக்கொடுத்த லொரென்சோ தா பொந்தே 1825இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் இத்தாலியன் பேராசிரியரானதிலிருந்து தொடரும் மரபு அது. கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்குத் தொடக்கநிலை இத்தாலியன் கற்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டு வகுப்பு, பிறகு நீண்ட வாசிப்புப் பட்டியலை வைத்து ஒரு பெரிய தேர்வு, அதன் பிறகே ஆய்வேடு. மேல்படிப்பு வடிவங்களில் மிக நல்லது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிடைப்பதுதான் கடினம். ஒரு துறை ஆண்டுக்கு எடுப்பதே இரண்டு மூன்று பேர். 2025 முதல் சில பெரிய பல்கலைக்கழகங்கள் கலை, இலக்கியத் துறைகளில் சேர்க்கையைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்திருக்கின்றன. இத்தாலியில் முதுகலை முடித்துவிட்டு அங்கிருந்து விண்ணப்பிப்பது இப்போது கூடுதல் பலம். அமெரிக்கா கைகொடுக்கவில்லையென்றாலும் இத்தாலியிலேயே ‘தொத்தொராத்தோ’ எனப்படும் மூன்றாண்டு பிஎச்.டி.க்குப் போட்டித் தேர்வு எழுதலாம். உதவித்தொகை கைக்கு மாதம் சுமார் 1,200 யூரோ. பீசாவில் நெப்போலியன் ஆணையால் 1810இல் தோன்றிய ஸ்கூவோலா நொர்மாலே என்ற உயர்கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டால் அதை அமெரிக்காவுக்காகக்கூட விட வேண்டாம்.

டெல்லியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது தவறு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரொமான்ஸ் மொழித் துறையில் இத்தாலியனில் எம்.ஏ. இருக்கிறது. மற்ற மூன்றின் செலவோடு ஒப்பிட்டால் கட்டணம் பொருட்டே இல்லை. நூலகம் சிறியது, காப்பகம் கிடையாது, இத்தாலியனில் வாழும் சூழலும் இல்லை. ஆனால் எல்எம்-14 கேட்கும் இத்தாலிய இலக்கியப் பாடங்களை இந்தியாவில் இருந்தபடியே சேர்த்துக்கொள்ள வேறு வழி அதிகமில்லை. இத்தாலியப் பண்பாட்டு நிறுவனமும் அதே நகரத்தில் இருக்கிறது. மொழியில் நல்ல பிடிப்பு மட்டும் போதும், மொழிபெயர்ப்போ நிறுவன வேலையோ பார்க்கப் போகிறேன் என்கிறவருக்கு டெல்லியும் ஒரு சி1 சான்றிதழும் தாராளமாகப் போதும். வேலை கொடுக்கிறவர் கவிஞர் பெத்ரார்க்காவைப் பற்றிய உங்கள் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

ஆக, கையில் வரலாற்று பி.ஏ.வும் பி2வும் இருக்கிறவருக்கு நான் சொல்வது சிறிய இத்தாலிய ஊர் ஒன்றில் எல்எம்-84, கூடவே காப்பகப் பள்ளி. திரைப்படமோ காலனியமோ எழுத நினைக்கிறவர் உதவித்தொகை கிடைத்தால் மட்டும் பிரிட்டனுக்குப் போகட்டும். இல்லையென்றால் இத்தாலியில் சமகால வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து அவருக்குக் கீழே அதையே எழுதலாம்; முடியாத காரியமில்லை. இலக்கியத்துக்குப் போகிறவர் டெல்லி வழியாகப் போனால் இரண்டு ஆண்டு கூடும், இத்தாலியில் வீணாகும் ஆண்டுகள் குறையும்.

இத்தாலியன் இன்னும் தொடங்கவே இல்லையென்றால் இந்த ஆண்டு எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம். தொடக்கத்திலிருந்து பி2 வரை வர, வேலையோ கல்லூரியோ பார்த்துக்கொண்டு படிக்கிறவருக்கு ஒன்றரை ஆண்டாவது பிடிக்கும். வெளிநாட்டு மாணவர்கள் பதிய வேண்டிய யுனிவெர்சிதாலி என்ற இத்தாலிய அரசுத் தளத்தில் முன்பதிவு ஆண்டின் முற்பகுதியில் தொடங்குகிறது, துறைகளின் கடைசித் தேதிகள் சில இடங்களில் அதற்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. பட்டச் சான்றுக்கான அங்கீகார ஆவணமும் விசாவுக்கான நேரமும் கிடைக்கவே மாதங்கள் ஆகின்றன. சான்றிதழ்த் தேர்வுத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துக் கணக்கிடுங்கள்.